பாலின் கொழுப்பு யாருக்கு, எவ்வளவு: கல்முனைச் சகோதரியின் கேள்விக்கு ஒரு பதில்

கல்முனையிலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு வணக்கம். முழு ஆடைப் பால்மா நல்லதா, கொழுப்பு நீக்கிய பால்மா நல்லதா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை முழுவதும் வாசித்தால், உங்களை உறுத்துவது அதைவிடப் பெரிய கேள்வி என்று தெரிகிறது. 47 வயதான உங்கள் கணவருக்கு எல்டிஎல் கொலஸ்ட்ரோல், அதாவது 'கெட்ட கொலஸ்ட்ரோல்', ஒரு டெசிலீற்றர் இரத்தத்துக்கு 164 மி.கி. என்று வந்திருக்கிறது; வைத்தியர் குளிசை கொடுத்து, கொழுப்பைக் குறைக்கவும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீடு முழுவதும் கொழுப்பு நீக்கிய பால்மாவுக்கு மாறிவிட்டது. வீட்டில் பதினெட்டு மாதக் குழந்தை, ஒன்பது வயது மகன், அண்மையில் மெலிந்துபோன 71 வயது மாமியார் ஆகியோரும் இருக்கிறார்கள். பட்டித் தயிரில் வளர்ந்த மாமியார் எருமைத் தயிரை விடமாட்டேன் என்கிறார். வெளிநாட்டிலிருக்கும் உறவினரோ, முழுக் கொழுப்புப் பால்தான் இருதயத்துக்குப் பாதுகாப்பு என்று காணொளி அனுப்பியிருக்கிறார். இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே பால்மா பொருந்துமா, தயிரை நிறுத்த வேண்டுமா என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் போசாக்கு ஆலோசனை வழங்கி வருகிறேன். வாவிக்கு மேற்கே படுவான்கரையின் வயற்கிராமங்களிலும் கிழக்கே எழுவான்கரையின் மீன்பிடிக் கிராமங்களிலும் நீரிழிவு, பிரெஷர், கொலஸ்ட்ரோல் உள்ளவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் உண்பதையும் குடிப்பதையும் அளந்து கணக்கிடுவதே என் வேலை. நான் இருதய நோய் வைத்திய நிபுணர் அல்லன். உங்கள் கணவரின் முழு அறிக்கையையும் பார்க்கவில்லை. ஆகவே குளிசையைப் பற்றி நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வைத்தியர் சொல்லாமல் அதை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். கொலஸ்ட்ரோலுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் ஸ்டாட்டின் வகை மருந்து நடுத்தர அளவிலேயே எல்டிஎல்லை முப்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைக்கும். பாலை மாற்றுவதால் மட்டும் அந்த அளவு குறைவதில்லை. பால்மாவை மாற்றியாயிற்று, இனிக் குளிசை எதற்கு என்று எண்ணி நிறுத்திவிட்டு, ஆறு மாதத்தில் முன்னையதைவிட மோசமான அறிக்கையோடு திரும்பி வந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் ஐயமின்றித் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். பசுப்பாலில் ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு சதவீதம் கொழுப்பு உண்டு. எருமைப்பாலில் அதன் இருமடங்கு, அதாவது ஏழு எட்டு சதவீதம். முழு ஆடைப் பால்மாவில் 100 கிராமுக்கு 26 முதல் 28 கிராம் வரை கொழுப்பு இருக்கும். கொழுப்பு நீக்கியதில் ஒன்றரைக் கிராமுக்கு மேல் இருப்பதில்லை. பாற்கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய கொழுப்பு (saturated fat). கொழுப்பை எடுப்பதால் கல்சியமும் புரதமும் போய்விடுவதில்லை. அவை பாலின் நீர்ப்பகுதியில் இருப்பவை. நிறைக்கு நிறை பார்த்தால் கொழுப்பு நீக்கிய பால்மாவில்தான் அவை கூடுதலாக இருக்கும்: முழு ஆடைப் பால்மாவில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் என்றால், கொழுப்பு நீக்கியதில் சுமார் 35 கிராம். கொழுப்போடு சேர்ந்து போவது முக்கியமாக விற்றமின் ஏ. அதனாற்றான் சில உற்பத்தியாளர்கள் அதைப் பிறகு தனியாகச் சேர்க்கிறார்கள். அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பைக்கற்றின் பின்புறத்தில் பார்க்கலாம்.

அடுத்த உறுதியான விடயம், நிரம்பிய கொழுப்புக் கூடினால் பெரும்பாலானோருக்கு எல்டிஎல் கூடும் என்பது. ஒருவர் உண்ணும் மொத்தச் சக்தியில் நிரம்பிய கொழுப்பின் பங்கு பத்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலும் கூறுகிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இது ஏறக்குறைய 22 கிராம். ஆனால் அந்தக் கொழுப்பை எடுத்துவிட்டு அதன் இடத்தில் எதை வைக்கிறோம் என்பது, எடுப்பதைப் போலவே முக்கியமானது. மீன், கச்சான், பருப்பு, எள் போன்றவை வந்தால் இருதயத்துக்கு நன்மை உண்டு. சீனியும் வெள்ளைப் பாணும் கோதுமை மா பிஸ்கற்றும் வந்தால் அந்த நன்மை கிடைப்பதில்லை. பால்மாவை மட்டும் மாற்றிய பல வீடுகளில், பால் ருசி குறைந்துவிட்டது என்று சீனியை அரைக்கரண்டி கூட்டிப் போடுவதை நான் கண்டிருக்கிறேன். அங்கே இழப்புத்தான் மிஞ்சும்.

இனி, ஐயத்துக்கு இடமுள்ள பகுதி. உங்கள் உறவினர் அனுப்பிய காணொளி எதையும் புனைந்து சொல்லவில்லை; ஓர் உண்மையின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறது. 2018 இல் லான்செட் சஞ்சிகையில், 21 நாடுகளைச் சேர்ந்த 136,384 பேரைச் சுமார் ஒன்பது வருடங்கள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வொன்று வெளியானது. பால், தயிர் போன்றவற்றைக் கூடுதலாக உண்டவர்களிடம் இருதய நோயும் பாரிசவாதமும் மரணமும் குறைவாகவே இருந்தன. முழுக் கொழுப்புள்ளதை உண்டவர்களிடமும் அப்படியே. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகியவை அந்த ஆய்வில் இருந்தன, இலங்கை இருக்கவில்லை. ஆனால் இது மக்களைக் கவனித்துப் பதிந்த ஆய்வேயொழிய, ஒரு பிரிவினருக்கு ஒரு பாலையும் மற்றப் பிரிவினருக்கு வேறு பாலையும் கொடுத்துச் சோதித்ததல்ல. வறிய நாட்டில் நாள்தோறும் பால் வாங்கிக் குடிக்கக்கூடியவர், வைத்தியரிடம் போகவும் மீனும் பழமும் வாங்கவும் கூடியவராகவும் இருப்பார். அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு முழுமையாக நீக்கிவிட முடியாது. அதோடு, பால் மிகக் குறைவாகக் குடிக்கும் மக்கள் சிறிதளவு கூட்டிக் குடிப்பதும், ஏற்கெனவே எல்டிஎல் கூடிய ஒருவர் நாளுக்கு நாலு கோப்பை முழு ஆடைப் பால் குடிப்பதும் ஒன்றல்ல.

கொடுத்துச் சோதித்த ஆய்வுகளும் உண்டு. கொழுப்புக் குறைந்த பாலோடு காய்கறியும் பழமும் நிறைந்த உணவு பிரெஷரைக் குறைக்கும் என்று 1997 இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. அதே உணவில் கொழுப்பு நீக்கிய பாலுக்குப் பதிலாக முழுக் கொழுப்புப் பாலை வைத்து 2016 இல் 36 பேரிடம் சோதித்தபோதும் பிரெஷர் அதே அளவு குறைந்தது. எல்டிஎல்லும் குறிப்பிடும்படி கூடவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மதிக்க வேண்டியது. 2019 இல் அவுஸ்திரேலியாவின் இருதய நிறுவனம் தன் ஆலோசனையை மாற்றியபோது இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொன்னது: நலமாக உள்ளவர்கள் இனிப்புச் சேர்க்காத முழுக் கொழுப்புப் பாலையோ தயிரையோ தவிர்க்க வேண்டியதில்லை; கொலஸ்ட்ரோல் கூடியவர்களும் இருதய நோய் உள்ளவர்களும் கொழுப்புக் குறைந்ததையே எடுக்க வேண்டும். என் அனுபவமும் இந்த நிலைப்பாட்டோடுதான் ஒத்துப்போகிறது. காணொளி முதற்பாதியைச் சொல்கிறது. உங்கள் கணவருக்கு உரியது இரண்டாம் பாதி.

ஒரே பாற்கொழுப்பு ஏன் ஓரிடத்தில் கெடுதியாகவும் இன்னோரிடத்தில் அவ்வளவு கெடுதியில்லாமலும் தோன்றுகிறது என்று நீங்கள் கேட்கலாம். பாலில் கொழுப்புச் சிறு துளிகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வொன்றால் மூடப்பட்டு இருக்கிறது. கடைந்து பட்டர் எடுக்கும்போது அந்தச் சவ்வு உடைந்து மோரோடு போய்விடுகிறது. அதே அளவு கொழுப்பைப் பட்டராகவும் சீஸாகவும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பட்டரே எல்டிஎல்லைக் கூடுதலாக உயர்த்தியது. சவ்வு கெடாத ஆடையையும் சவ்வு நீங்கிய பட்டர் எண்ணெயையும் ஒப்பிட்டதிலும் அப்படியே கண்டார்கள். இதனால் பாலையும் தயிரையும் ஒரு தட்டிலும், பட்டரையும் நெய்யையும் இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்ப்பது நியாயம். ஆனால் தயிரை எவ்வளவும் உண்ணலாம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

இப்போது உங்கள் அடுப்படிக்கு வருவோம். என்னிடம் வருபவர்களை, வீட்டில் பால்மா போடும் அதே கரண்டியைக் கொண்டுவரச் சொல்வேன். அளவுக் கரண்டியில் தட்டையாக எடுத்தால் ஏழெட்டுக் கிராம் வரும். நம் வீடுகளில் எடுப்பதுபோல் குவித்து எடுத்தால் தராசு பத்துக் கிராமைத் தாண்டும். பத்துக் கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைப் பால் தேத்தண்ணியில் முழு ஆடைப் பால்மாவால் சேருவது இரண்டே முக்கால் கிராமளவு கொழுப்பு. அதில் ஒன்றே முக்கால் கிராமளவு நிரம்பியது. கொழுப்பு நீக்கியதற்கு மாறினால் ஒரு கோப்பைக்கு மிச்சமாவது பதினைந்து கலோரிக்கும் குறைவு. அதே கோப்பையில் போடும் இரண்டு தேக்கரண்டி சீனியில் முப்பதிலிருந்து நாற்பது கலோரி இருக்கிறது. உங்கள் கணவர் நாளுக்கு நாலு தேத்தண்ணி குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: பால்மாவால் ஏழு கிராமளவு நிரம்பிய கொழுப்பு, சீனியோ நாற்பது கிராம் வரை. ஒரு நாளில் சீனி 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஏழு கிராம் என்பது 22 இல் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. ஆகவே அவர் பால்மாவை மாற்றியது வீண்வேலையல்ல. அதோடு இரண்டு தேத்தண்ணியை வெறும் தேத்தண்ணியாக்கி, சீனியைக் கோப்பைக்கு அரைத் தேக்கரண்டிக்குக் கொண்டுவந்தால்தான் அந்த மாற்றம் முழுப்பயன் தரும்.

தயிரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் மாவட்டங்கள் இரண்டிலும் அது வெறும் உணவாக மட்டும் இருப்பதில்லை. புதுச்சட்டியைத் திறந்ததும் மேலே விரல் தடிப்பில் ஆடை நிற்கும். அகப்பை போட்டால் சரியாமல் வெட்டுப்பட்டு நிற்கும். அந்தக் கெட்டித்தன்மைக்குக் காரணம் எருமைப்பாலின் கொழுப்பும் கூடுதலான புரதமும், ஈரத்தை உறிஞ்சும் மண்சட்டியும்தான். நூறு கிராம் எருமைத் தயிரில் ஏழெட்டுக் கிராம் கொழுப்பு என்றால், சோறு முடிந்தபின் கோப்பை நிறைய, இருநூறு கிராம் எடுத்தவருக்குப் பதினைந்து கிராம் கொழுப்பு. அதில் ஒன்பது பத்துக் கிராம் நிரம்பியது. நாலு தேத்தண்ணியில் மிச்சம் பிடித்ததைவிட இது கூட. அதற்குமேல் பாணியும் ஊற்றினால் சீனிக் கணக்கும் ஏறும். ஆகவே உங்கள் கணவருக்குத் தயிரை நிறுத்தச் சொல்லமாட்டேன். மேல் ஆடையை நீக்கி, நாலு மேசைக்கரண்டி அளவில், பாணியில்லாமல், வாரத்தில் மூன்று நாள் எடுக்கலாம். மற்ற நாட்களில் பசுப்பால் தயிரைக் கரைத்து, உப்புக் குறைத்து மோராகக் குடிக்கட்டும். பால் குடித்தால் வயிறு ஊதிப் பொருமுபவர்களுக்கும் தயிர் பொதுவாக ஒத்துக்கொள்ளும். புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பாலின் இயல்பான சீனியான லக்டோஸில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடுகின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். பாலின் கொழுப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் வீடுகளில் தேங்காய்ப்பாலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேங்காயின் கொழுப்பில் ஏறக்குறையத் தொண்ணூறு சதவீதம் நிரம்பியது. கெட்டியாகப் பிழிந்த முதற்பால் நூறு மில்லிலீற்றரில் இருபது கிராமளவு கொழுப்பு இருக்கும். மத்தியானம் பாற்கறி, இரவில் இடியப்பத்துக்குச் சொதி என்று போனால், பால்மாப் பைக்கற்றை மாற்றி மிச்சம் பிடித்தது ஒரே அகப்பையில் திரும்பி வந்துவிடும். நம் சமையலிலிருந்து தேங்காயை எடுத்துவிடச் சொல்வது பொருந்தாத புத்திமதி; அப்படிச் சொல்லி வெற்றிகண்ட ஆலோசகர் எவரையும் நான் அறியேன். ஒரு வேளைக்கு மட்டும் முதற்பால், மற்ற வேளைக்கு நீர்த்த கப்பிப்பால் அல்லது புளியில் வைத்த மீன்குழம்பு என்று பிரித்துக்கொண்டவர்களிடம் எல்டிஎல் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரின் விடயத்தில் முதலில் தொடவேண்டிய இடம் இது என்பது என் கணிப்பு.

குழந்தைக்கு இன்றைக்கே பழையபடி மாற்றுங்கள். இரண்டு வயது ஆகும்வரை கொழுப்பு நீக்கிய பால் கொடுக்கக்கூடாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. சின்ன வயிற்றில் கொஞ்ச உணவே கொள்ளும், அந்தக் கொஞ்சத்தில் மூளை வளர்ச்சிக்கும் நிறைக்கும் தேவையான சக்தி இருக்க வேண்டும். தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறீர்களென்றால் இரண்டு வயதுக்கு அப்பாலும் தொடருங்கள். அதற்கு நிகரானது எதுவுமில்லை. அதேவேளை நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் பசுப்பாலோ பால்மாப் பாலோ கொடுக்க வேண்டாம்; வயிறு பாலால் நிறைந்து சோறும் மீனும் குறைந்தால் இரும்புச்சத்துக் குறையும். கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு கடந்த மாதங்களில் தட்டையாகியிருந்தால் உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். ஒன்பது வயது மகன் நிறை அளவாக இருந்து ஓடியாடுபவன் என்றால் முழு ஆடைப் பாலே குடிக்கலாம். அவனுக்குப் பாலைவிடக் கவனிக்க வேண்டியது, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வாங்கும் இனிப்புப் பானமும் சுவையூட்டிய யோகட்டும். பைக்கற்றில் சீனிக்குச் சிவப்பு வட்டம் இருக்கிறதா என்று பார்க்க அவனுக்கே பழக்கிவிடுங்கள்.

மாமியாருக்கும் முழு ஆடைப் பாலும் தயிருமே பொருத்தம். மெலிந்துகொண்டு போகும் வயதானவருக்குக் கொழுப்பைக் குறைப்பது தசையையும் பலத்தையும் இன்னும் கரைக்கும். ஆனால் அவர் ஏன் மெலிந்தார் என்பது பாலைவிட அவசரமான கேள்வி. நீரிழிவு, தைரொயிட், காசநோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். தயிர் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்று காத்திராமல் இந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள். சிறுநீரக வருத்தம் இருப்பதாகத் தெரியவந்தால் நான் மேலே சொன்னது மாறும்: அங்கே பார்க்க வேண்டியது பாலின் பொஸ்பரசும் பொற்றாசியமும். கொழுப்பை நீக்கினாலும் அவை குறைவதில்லை.

வாங்கும்போது மூன்று விடயங்கள். கொழுப்பு நீக்கிய பால்மாப் பைக்கற்றில் 100 கிராமுக்கு ஐம்பது கிராமளவு சீனி என்று போட்டிருப்பதைக் கண்டு பலர் திடுக்கிடுகிறார்கள். அது பாலின் இயல்பான லக்டோஸ். கொழுப்புப் போனதால் மற்றவற்றின் பங்கு கூடித் தெரிகிறது. சேர்க்கப்பட்ட சீனியா என்பதைச் சேர்மானப் பட்டியலில் பாருங்கள். இரண்டாவது, அதே பட்டியலில் தாவரக் கொழுப்பு என்றிருந்தால் அது பாற்கொழுப்பை நீக்கி வேறு கொழுப்பைக் கலந்தது. விலை குறைவு, ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. ரின்பால் பாலுக்கு மாற்று அல்ல, ஏறக்குறையப் பாதி சீனி. மூன்றாவது, பட்டிப்பால் கிடைத்தால் அதையே நான் விரும்புவேன், ஆனால் பொங்கக் காய்ச்சாமல் ஒருவரும் குடிக்கக்கூடாது. பச்சைப்பாலால் வரும் புருசெல்லோசிஸ் என்ற கிருமி நோய் மாதக்கணக்கில் காய்ச்சலையும் மூட்டுவலியையும் கொடுக்கும். பட்டிப்பாலின் கொழுப்பு மாட்டுக்கு மாடு, தீனிக்குத் தீனி மாறும். ஒரே கறவையில்கூட முதற்பாலைவிடக் கடைசிப் பால் கொழுப்புக் கூடியது. காய்ச்சி ஆறவைத்து, இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, காலையில் ஆடையை எடுத்தால் கொழுப்பு நன்றாகக் குறையும். பைக்கற்றில் வரும் கொழுப்பு நீக்கிய பாலளவுக்கு வராது என்றாலும் உங்கள் கணவரின் இரண்டு தேத்தண்ணிக்கு அது போதும். எடுத்த ஆடையை மாமியாரின் சோற்றில் போடுங்கள்.

நீங்கள் வீட்டிலுள்ள எல்லோரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பதினெட்டு மாதக் குழந்தையின் தாய்க்குக் கல்சியமும் புரதமும் தேவை. எந்தப் பால்மாவானாலும் நாளுக்கு இரண்டு கோப்பை நீங்களும் குடியுங்கள். உங்கள் கணவருக்கு வைத்தியர் குறித்த நாளில், அல்லது இன்னும் மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம் சோதிப்பார்கள். அன்று காலை நீங்களும் அவரோடு போய் பிரெஷரையும் சீனியையும் கொலஸ்ட்ரோலையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இரண்டு அறிக்கைகளையும் இங்கே எழுதுங்கள். அவற்றை வைத்து மேலே பேசலாம்.